பாடுவதா, பறைசாற்றுவதா?

சென்ற மாதம் இப்பத்திக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் இரண்டு முறை வாசித்தேன். எழுதியவர் ஒரு மாணவர். அவரும் அவருடைய நண்பர் மூவருமாக ஒரு வாத்தியக் குழுவை அமைத்திருக்கிறார்களாம். தாமே பாட்டுக் கட்டித் தாமே மெட்டமைத்து, மண்டபம் கிடைத்த இடங்களிலெல்லாம் பாடி வருகிறார்களாம். இதுவரை நான்கு நிகழ்ச்சிகள் நடந்தேறியிருக்கின்றன.

“ஐயா, படிப்புப் போக எங்களுக்குக் கிழமையில் மிஞ்சுவது பத்து மணித்தியாலம். அதிலே ஏழு மணித்தியாலம் எங்களை நாங்களே படம் பிடிப்பதிலும், அதைக் கைத்தொலைபேசியில் ஏற்றுவதிலும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் வரும்படி இரப்பதிலும் போய்விடுகிறது. மிகுதி மூன்று மணித்தியாலத்திலேதான் பாட்டுப் பழகுகிறோம். எங்களுள் ஒருவன், நன்றாகப் பாடினால் சனம் தானாக வரும், விளம்பரமே வேண்டாம் என்கிறான். இன்னொருவன், விளம்பரம் இல்லாவிட்டால் தான்சேன் வந்து பாடினாலும் ஒரு குருவி கூட வராது என்கிறான். இந்த வழக்கிலே குழு உடைந்துவிடும் போலிருக்கிறது. தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். கடிதத்தோடு தமது அடுத்த நிகழ்ச்சியின் துண்டுப்பிரசுரம் ஒன்றையும் இணைத்திருந்தார். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீர்ப்புச் சொல்ல நான் நீதவான் அல்லன். உண்மையைச் சொன்னால், இந்த வழக்கிலே நான் ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் நின்றவன். பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவருடைய வயலின் கச்சேரியை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையிலே விழுந்தது. நண்பர் நல்ல வித்துவான், அதிற் சந்தேகமில்லை. நல்ல சரக்குக்கு விளம்பரம் எதற்கு என்ற இறுமாப்பு எனக்கு. பத்திரிகைக்கு ஒரு வரி எழுதவில்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டவில்லை. அன்று மாலை மண்டபத்திலே போடப்பட்டிருந்த கதிரைகள் இருநூறு, வந்திருந்தோர் பதினொருவர். அந்தப் பதினொருவரிலும் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நண்பரோ கதிரைகளெல்லாம் நிறைந்திருப்பது போலவே இரண்டரை மணி நேரம் வாசித்தார். வீடு திரும்பும் வழியிலே, “இன்னும் ஒரு நூறு பேருக்குச் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அடக்கம் என்று நான் எண்ணியிருந்தது அடக்கமன்று, சோம்பல் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆகையால் விளம்பரமே வேண்டாம் என்று சொல்லும் தம்பியின் பக்கம் நான் முழுமனதோடு சேர முடியாது. ஆனால் மற்றத் தம்பியின் பக்கமும் சேரத் தயங்குகிறேன். இதே கேள்வியைத் தம் இளமைக் காலம் முழுவதும் கேட்டு, தமக்கென ஒரு விடையும் கண்டு, அவ்விடையின்படியே வாழ்ந்து காட்டிய மூவர் அமெரிக்காவிலே இருந்தனர். அவர்களுடைய கதையைச் சொன்னால் என் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தின் துறைமுகம் சான் பீட்ரோ. கப்பற்றுறைத் தொழிலாளரும், மீன்பிடிப்போரும், கடற்படைக் குடும்பங்களும் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு பூங்காவிலே பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தபோது மரத்தின் மேலிருந்து இன்னொரு பையன் அவன்முன் குதித்தான். குதித்தவன் பெயர் டி. பூன், திகைத்து நின்றவன் பெயர் மைக் வொட். அன்று தொடங்கிய சிநேகம் சாகும்வரை விடவில்லை. பூனின் தாயார் புத்திசாலி. பிள்ளைகள் தெருவிலே திரிந்து கெட்டுப்போகாமல் வீட்டிலிருந்து ஏதேனும் வாத்தியம் பழகட்டும் என்று எண்ணினார். மகனுக்குக் கித்தார், மகனுடைய சிநேகிதனுக்கு, பேஸ் எனப்படும் தாழ்சுருதிக் கித்தார். அப்படியொரு தனி வாத்தியம் உண்டென்பதே வொட்டுக்குச் சரியாகத் தெரியாது. சாதாரணக் கித்தாரிலே நான்கு தந்திகளை மாத்திரம் பூட்டிக்கொண்டு, இதுதான் பேஸ் என்று வாசித்து வந்தாராம்.

1979ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ‘கிளாஷ்’ குழுவின் நிகழ்ச்சியைக் காண இவ்விருவரும் போயிருந்தனர். மண்டப வாசலிலே சிலர் துண்டுப்பிரசுரம் விநியோகித்துக்கொண்டு நின்றனர். வாங்கிப் பார்த்தால், சான் பீட்ரோவிலே ஒரு நிகழ்ச்சி! தம்முடைய ஊரில், அதுவும் ‘பங்க்’ என்று சொல்லப்படும் அந்தப் புதிய முரட்டுச் சங்கீதம்! இருவருக்கும் நம்ப முடியவில்லை. “நாங்கள் அந்த ஊர்க்காரர்தாம்; எங்களுக்கும் ஒரு குழு உண்டு” என்றனர். அப்படியானால் நீங்களும் வந்து வாசியுங்கள் என்று விடை வந்தது. துண்டுப்பிரசுரத்தை நீட்டியவர்கள் ‘பிளாக் ஃபிளாக்’, அதாவது கறுப்புக் கொடி என்ற குழுவினர். அதன் தலைவர் கிறெக் ஜின்.

இந்த ஜின் என்பவர் விசித்திரமான மனிதர். சிறுவனாயிருந்தபோதே வானொலிக் கருவிகளைச் செய்து தபால் மூலம் விற்று வந்தவர். அவருடைய வியாபாரத்தின் பெயர் எஸ்.எஸ்.ரி. தமது குழுவின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட எந்தக் கம்பெனியும் முன்வராதபோது, தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை எங்கே இருக்கிறதென்று தொலைபேசிப் புத்தகத்திலே தேடிப் பார்த்தார், இருந்தது. அவ்வளவுதான், வானொலிக் கருவி விற்ற பெயரிலேயே இசைத்தட்டும் விற்கத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் பணத்தை நம்பாது தம் காலிலே நிற்கும் சுயேச்சைக் குழுக்களின் வரலாற்றில் அது ஒரு பெரிய அத்தியாயத்தின் முதல் வரி.

விளம்பரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய தம்பி றேமண்ட் பெட்டிபோன் ஓவியர். நான்கு கறுப்புப் பட்டைகளாலான அக்குழுவின் சின்னத்தை வரைந்தவர் அவர்தாம். அவர் வரைந்த கோரமும் ஏளனமுமான சித்திரங்களோடு கூடிய தாள்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கம்பங்களிலும் மதில்களிலும் நூற்றுக்கணக்கில் ஒட்டப்பட்டன. நகரம் முழுவதும் அந்த நான்கு பட்டைகள். சனம் வந்தது, சனத்தோடு பொலிசும் வந்தது. நிகழ்ச்சிகள் நடுவிலே நிறுத்தப்பட்டன. மண்டபக்காரர் இவர்களுடைய பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்தினர். விளம்பரம் யாரை அழைக்கும், யாரை அழைக்காது என்பது விளம்பரம் செய்தவர் கையில் இல்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் துண்டுத்தாள் அன்று மண்டப வாசலிலே கொடுக்கப்படாதிருந்தால், சான் பீட்ரோப் பையன்களின் கதையே வேறாகியிருக்கும்.

1980இல் பூனும் வொட்டும், டிரம் வாசிக்கும் ஜோர்ஜ் ஹேர்லியும் சேர்ந்து ‘மினிட்மென்’ என்ற குழுவாயினர். பாட்டுக்கள் ஒரு நிமிடத்தில் முடிவதால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. அழைத்த நிமிடத்திலே ஆயுதம் எடுத்து வரும் அமெரிக்கப் புரட்சிக்காலத்துக் குடிப்படையின் பெயர் அது. ஆனால் பாட்டுக்கள் குறுகியவை என்பதும் மெய்தான். அவர்களுடைய முதல் தட்டிலே ஏழு பாட்டுக்கள். எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடத்துக்கும் குறைவு.

இக்குழுவின் கொள்கையை வொட் பிற்காலத்திலே பலமுறை விளக்கியிருக்கிறார். உலகத்திலுள்ள எல்லாவற்றையும் அவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டனராம். ஒன்று கச்சேரி. மற்றது துண்டுப்பிரசுரம். கச்சேரி அல்லாதது எதுவோ அது துண்டுப்பிரசுரம். சுவரொட்டி மாத்திரமன்று, பத்திரிகைப் பேட்டி துண்டுப்பிரசுரம், புகைப்படம் துண்டுப்பிரசுரம், இசைத்தட்டுங்கூடத் துண்டுப்பிரசுரந்தான். எல்லாம், “இன்ன இடத்தில் நாங்கள் வாசிக்கிறோம், வாருங்கள்” என்று சொல்வதற்கு மாத்திரம்.

வாசகர்கள் இதைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. இசைத்தட்டு வியாபாரம் அக்காலத்தில் இதற்கு நேர்மாறாகவே நடந்து வந்தது. பெரிய கம்பெனி ஒரு குழுவுக்கு முன்பணம் கொடுக்கும். அந்த முன்பணம் நன்கொடை அல்ல. தட்டு விற்கும்போது குழுவுக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து திரும்பக் கழிக்கப்படும் கடன். ஒலிப்பதிவுச் செலவு அந்தக் கணக்கில். ஊர் ஊராகப் போகும் செலவுக்குக் கொடுக்கும் உதவித் தொகையும் பெரும்பாலும் அந்தக் கணக்கில். இந்தக் கடன் தீரவேண்டுமானால் தட்டு விற்க வேண்டும். தட்டு விற்க வேண்டுமானால் கச்சேரி செய்ய வேண்டும். ஆகவே கச்சேரி என்பது தட்டுக்கு விளம்பரம். சான் பீட்ரோக்காரர் இதைத் தலைகீழாகப் புரட்டினர். தட்டைக் குறைந்த செலவிலே செய்து, கச்சேரியிலே பிழைப்பது. அவர்களுடைய புகழ்பெற்ற படைப்பு 1984இல் வெளிவந்த ‘டபுள் நிக்கல்ஸ் ஒன் த டைம்’ என்ற இரட்டை இசைத்தட்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கியது. அதை ஒலிப்பதிவு செய்து முடிக்க ஆன செலவு சுமார் 1,100 டொலர். ஒலிப்பதிவு நிலையங்களில் நள்ளிரவு நேரத்துக்கு வாடகை குறைவு என்பதால் அந்நேரத்திலே பதிவு செய்வார்கள். மேடையிலே பலமுறை வாசித்து மனனமான பாட்டாகையால் திரும்பத் திரும்பப் பதிவு செய்யும் தேவையும் இல்லை. ஊருக்கு ஊர் தம்முடைய வானைத் தாமே ஓட்டி, பெட்டிகளைத் தாமே தூக்கி, இரவிலே எவராவது தெரிந்தவர் வீட்டுத் தரையிலே படுத்து எழும்புவார்கள்.

சரி, அவ்வளவு பெரிதாக எண்ணிய கச்சேரி எப்படி இருந்தது? படப்பதிவுகளிலே பார்க்கலாம். பூன் பருத்த தேகமுடையவர். மேடையலங்காரம் கிடையாது, வேலைக்குப் போகும் உடுப்பு. ஆனால் பாட்டுத் தொடங்கினால் அந்தப் பருத்த உடம்பு துள்ளும் துள்ளலைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஒரு பாட்டு முடிந்து கைதட்டலாமா என்று யோசிப்பதற்கிடையில் அடுத்த பாட்டுத் தொடங்கிவிடும். இன்னுமொரு விஷயம் கவனிக்கத்தக்கது. பூன் தம் கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே மெல்லியதாக, உச்சத்தொனி மாத்திரம் கேட்கும்படி வைத்துக்கொள்வார். கீழ்த்தொனியின் இடம் முழுவதும் வொட்டுக்கு. கித்தார்க்காரன் மற்றவர்களை அமுக்கித் தான் மாத்திரம் கேட்பது ஒரு சர்வாதிகாரம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். விளம்பரத்தைப்பற்றிப் பேச வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழுவுக்குள்ளேயே தன்னை முன்னே தள்ளிக்கொள்ளாத மனிதர்தாம் குழுவை வெளியே முன்னே தள்ளுவதற்கும் தக்கவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூன் தம் ஊரிலே ஒரு பழைய திரையரங்கைப் பிடித்து மற்றக் குழுக்களுடைய நிகழ்ச்சிகளையும் ஒழுங்கு செய்தார். அவற்றைச் சற்று நேரத்துடனேயே தொடங்குவார். மறுநாட் காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளி நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டுமல்லவா! வருபவனுடைய நாளை எண்ணிப்பார்த்து நேரம் குறிப்பதும் ஒருவகை விளம்பரந்தான். ‘நியூ அலையன்ஸ்’ என்று ஒரு சிறிய இசைத்தட்டு வெளியீட்டையும் நண்பர்கள் தொடங்கி, பிற குழுக்களின் தட்டுக்களை வெளியிட்டனர்.

1985இல் இவர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். வழக்கமான சந்தைப் பாட்டுப் போல நீட்டி, ஊதுகுழல் சேர்த்து, ஒரு சிறு தட்டை வெளியிட்டனர். ‘மேர்ஷ்’ என்றால் அவர்களுடைய கொச்சையிலே வியாபாரத்தனமானது என்று பொருள். ‘புறொஜெக்ட்: மேர்ஷ்’ என்பது தட்டின் பெயர். இக்குழுவை எப்படி விற்பது என்று கம்பெனி முதலாளிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் சித்திரத்தைப் பூனே மேலுறையில் வரைந்தார். இந்த ‘வியாபாரத்’ தட்டு, வியாபாரத்தை எண்ணாது செய்த இரட்டைத் தட்டின் விற்பனையை எட்டவில்லை.

இனி, விளம்பரமே வேண்டாம் என்ற தம்பி நிச்சயமாக எடுத்துக்காட்டக்கூடிய மற்றொரு குழுவைப்பற்றியும் பேசவேண்டும். இது அமெரிக்காவின் மறுகரையிலே, தலைநகரான வாஷிங்டனிலே தோன்றியது. பெயர் ‘ஃபுகாஸி’. அதன் பாடகர் இயன் மக்காய் 1980இலேயே நண்பர்களோடு ‘டிஸ்கோர்ட்’ என்ற இசைத்தட்டு வெளியீட்டைத் தொடங்கியவர். முதல் தட்டுக்களின் உறைகளைத் தாமே வெட்டி, மடித்து, பசை ஒட்டியவர். ஃபுகாஸி 1987 செப்டெம்பரிலே முதல் நிகழ்ச்சியை நடத்தி, 2002 நவம்பரிலே லண்டனிலே கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. இடையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள்.

அவர்கள் செய்யாதவற்றின் பட்டியல் நீளமானது. குழுவின் பெயர் பொறித்த சட்டை விற்கவில்லை. முகாமையாளர் வைத்துக்கொள்ளவில்லை. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம் போடும் பெரிய சஞ்சிகைகளுக்குப் பேட்டி கொடுக்கவில்லை. பெரிய கம்பெனி எதனோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. செய்தவை என்ன? நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டொலர். எந்த வயதினரும் வரலாம். மதுச்சாலைகளிலே பெரும்பாலும் இருபத்தொரு வயதுக்குட்பட்டவரை அனுமதிப்பதில்லையாகையால் வேறு மண்டபங்களைத் தேடிப் பிடித்தனர். சொந்த நகரத்திலே வாசிப்பதென்றால் பெரும்பாலும் இலவசமாக, அல்லது ஏதேனும் பொதுக் காரியத்துக்கு நிதி சேர்ப்பதற்காக. சபையிலே எவனாவது பிறரை இடித்துத் தள்ளி அடாவடி செய்தால் வாத்தியத்தை நிறுத்தி, மக்காய் அவனை மரியாதையாக அழைத்துக் கண்டிப்பார். கேட்காவிட்டால் அவன் கொடுத்த ஐந்து டொலரை உறையிலே போட்டுக் கையிற் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு என்ற நிரலும் முன்கூட்டி எழுதுவதில்லை. ஒருவர் ஒரு பாட்டின் முதற் சுரத்தைத் தொட்டால் மற்ற மூவரும் சேர்ந்துகொள்வார்கள். அதனால் நேற்று வந்தவன் இன்றைக்கும் வரலாம். அதே கச்சேரி மறுமுறை நடக்காது. இவர்களுடைய நிகழ்ச்சிகளில் எண்ணூறுக்கு மேற்பட்டவை ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தன. 2011 முதல் அவை பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கின.

“பார்த்தீர்களா ஐயா, விளம்பரமின்றியே!” என்று தம்பி குதிக்க வேண்டாம். முதலாவதாக, மக்காய் புதிய ஆள் அல்லர். ‘மைனர் திறெட்’ என்ற அவருடைய முந்திய குழு 1983 வரை இயங்கி, நாடெங்கும் இளைஞர் மத்தியிலே பெயர் வாங்கியிருந்தது. பெயருள்ளவன் பெயரை மறுப்பது வேறு. பெயரே இல்லாதவன் மறுப்பது வேறு. இரண்டாவதாக, கச்சேரி எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை அவர்கள் ஒருபோதும் மறைக்கவில்லை, சுவரொட்டிகள் இருந்தன, இசைத்தட்டின் விலை இன்னது என்று உறையிலேயே அச்சடித்தனர், கடைக்காரன் கூட்டி விற்காதிருப்பதற்காக. சொல்லவேண்டிய செய்தியை எல்லாம் சொன்னார்கள். தம்மைத் தாமே மெச்சிக்கொள்வதை மாத்திரம் விட்டார்கள். மூன்றாவது காரணம் சிரிப்புக்கிடமானது. சட்டை விற்கமாட்டோம் என்ற பிடிவாதமே அவர்களுக்குப் பெரிய விளம்பரமாயிற்று. ‘இது ஃபுகாஸி சட்டை அன்று’ என்று எழுதிய சட்டைகளை வேறு யாரோ அடித்து விற்றார்கள், அவையும் விலைபோயின.

ஆகவே ‘விளம்பரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்களை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கச்சேரி நடப்பதை அறியாதவனுக்கு அறிவிப்பது ஒன்று. நான் பெரியவன் என்று அறிவிப்பது மற்றொன்று. முன்னதைச் செய்யாதவன் வருபவனுக்குத் துரோகம் செய்கிறான். என் நண்பருக்கு நான் செய்தது அதுதான். பின்னதற்கோ எல்லையே கிடையாது. அந்தக் காலத்திலே ஐந்நூறு துண்டுத்தாள் அச்சடித்தால், ஐந்நூறாவது தாளைக் கொடுத்து முடித்தவுடன் கை வெறுமையாகிவிடும். வீட்டுக்குப் போய்க் கித்தாரை எடுக்கலாம். கைத்தொலைபேசியிலே தாள் முடிவதே இல்லை. அதோடு, பழைய தாளின் வெற்றியை மண்டபத்திலே வந்த தலைகளை எண்ணித்தான் அறிந்தோம். இன்றைய தாளோ தன் வெற்றியைத் தானே எண்ணிக் காட்டுகிறது. இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் விரும்பினார்கள் என்று இரவிரவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பார்த்தவரில் எத்தனை பேர் பஸ் ஏறி வந்தார்கள் என்பதை அது சொல்வதில்லை.

சான் பீட்ரோக்காரருடைய கதையின் மிகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1985 டிசெம்பரில், அப்போது புகழ்பெற்று வந்த ‘ஆர்.ஈ.எம்.’ என்ற குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன்வரிசைக் குழுவாக மினிட்மென் ஊர் ஊராய்ச் சென்றது. அதுவரை அவர்கள் கண்டிராத பெரிய சபைகள். அந்தப் பயணம் முடிந்து ஒன்றரைக் கிழமை ஆகவில்லை. 22ஆந் தேதி அரிஸோனாப் பாலைவனத்து நெடுஞ்சாலையிலே பூன் பயணம் செய்த வான் விபத்துக்குள்ளாயிற்று. காய்ச்சலாயிருந்தமையால் அவர் பின்புறத்திலே படுத்திருந்தார். வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் துறந்தார். வயது இருபத்தேழு.

வொட் வாத்தியத்தைத் தொடவில்லை. மரத்திலிருந்து குதித்த பையன் இல்லாமல் யாரோடு வாசிப்பது? அப்போது ஒஹாயோ மாநிலத்திலே எட் குறோஃபோர்ட் என்ற இளைஞர், அக்குழுவின் ரசிகர், வொட் புதிய கித்தார்க்காரனைத் தேடுகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டார். அது உண்மையல்ல. அவரோ அதை நம்பி, தொலைபேசிப் புத்தகத்திலே வொட்டின் இலக்கத்தைத் தேடி எடுத்து, கூப்பிட்டுப் பேசி, நாட்டின் பாதித் தூரத்தைக் கடந்து சான் பீட்ரோவிலே வந்து நின்றார். ஒரு வித்துவானுடைய இலக்கம் ஊர்த் தொலைபேசிப் புத்தகத்திலே எல்லோரையும்போல இருந்தது என்பதைக் கவனியுங்கள். வொட் மனமில்லாமலே அவர் வாசிப்பைக் கேட்டார். 1986இல் வொட், ஹேர்லி, குறோஃபோர்ட் மூவரும் ‘ஃபயர்ஹோஸ்’ என்ற குழுவாகி, 1994 வரை ஊரூராக வாசித்தனர். இடையிலே 1991இல் அவர்களும் ஒரு பெரிய கம்பெனியின் மூலம் தட்டு வெளியிட்டார்கள் என்பதையும் நான் மறைக்கக்கூடாது. அதற்கும் வெகுகாலத்துக்குப் பின் மினிட்மென் குழுவின் இசையை மோட்டார்க் கார் விளம்பரமொன்றிலே பயன்படுத்த வொட் இசைந்தார். பூனின் தந்தையார் நோயுற்றிருந்தார். அந்தப் பணம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனிக் கடிதம் எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் பத்து மணித்தியாலக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பழக்கத்துக்கு ஏழு, அறிவித்தலுக்கு மூன்று. முதல் இரண்டு மாதம் சனம் குறையும் என்று உங்கள் நண்பர் சண்டைக்கு வருவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குறைந்தாலும் வந்திருப்பவருக்குக் குறைவில்லாமல் வாசியுங்கள். பதினொருவருக்கு இரண்டரை மணி நேரம் வாசித்த ஒருவரை எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய துண்டுப்பிரசுரம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அச்சு அழகு. நால்வருடைய முகமும் பெரிதாக, நான்கு வர்ணத்திலே விழுந்திருக்கிறது. ‘இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்ட’ என்று மேலே ஒரு வரி, ‘புரட்சிக் குழு’ என்று கீழே ஒரு வரி. மண்டபத்தின் பெயர் மூலையிலே சிறிதாக உண்டு. தேதியும் உண்டு. எனக்கும் வந்து கேட்க ஆசைதான். ஆனால் முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்திலே பிடித்தும் பார்த்துவிட்டேன்: எத்தனை மணிக்கு என்று மாத்திரம் போடவில்லையே, தம்பி!